இரண்டு சகலைகளும் ஒரு வாக்கியமும்

அலுவலகத்தில் அவருக்குக் கால்புள்ளி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது, அது சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. வெளியுறவு அமைச்சகத்தின் சட்டப் பிரிவில் மசோதாவும் ஒப்பந்தமும் எழுதுவது அவர் வேலை. எழுதியதில் ஒரு கால்புள்ளியை எடுக்கச் சொன்னால் போதும், சாயங்காலம் வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவார். தங்கமான ஆள்தான். ஆனால் தன் வாக்கியத்தை யாராவது புகழ்ந்துவிட்டால் சிரிப்பு காது வரைக்கும் வந்துவிடும், அதை மறைக்க மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். இந்தக் கதையில் வருகிற அத்தனை வம்பும் அப்படி ஒரு நாள் கண்ணாடி துடைத்ததால் வந்ததுதான்.

முதலில் பெரிய வம்பைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாடுகளுக்கு நடுவில் ஒரு ஆறு, ஆற்றின் மேல் ஒரு பாலம். பேசுகிற மொழி இரண்டு கரையிலும் ஒன்றுதான். அதனாலேயே சண்டை போடுவது இவ்வளவு சுலபமாக இருந்தது. முன்பெல்லாம் ஆற்றை ராணுவத்தார் கண்விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது இரண்டு பக்கமும் செயற்கை நுண்ணறிவு இயந்திரங்கள் பார்க்கின்றன. அவை தூங்காது, டீ கேட்காது, லீவு கேட்காது. போன வருஷம் ஒரு பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் கட்டியிருந்த பலூன் கொத்து கயிறு அறுந்து ஆற்றுக்கு மேலே போக, இந்தப் பக்கத்து இயந்திரம் 'தாக்குதல்' என்றது. பாலத்தைப் பூட்டியது, பீரங்கியைத் திருப்பியது. பீரங்கி திரும்புவதைப் பார்த்து அந்தப் பக்கத்து இயந்திரமும் 'தாக்குதல்' என்றது. யாரோ ஒரு புண்ணியவான் தொலைநோக்கியை எடுத்துப் பார்த்து, "அட, பலூன்யா அது" என்று சொன்னதால்தான் இன்றைக்கு இரண்டு கரையிலும் ஜனங்கள் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு அரசாங்கத்துக்கும் புத்தி வந்தது. இயந்திரம் கூச்சல் போட்டால் மனிதர்கள் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு ஒப்பந்தம் போட முடிவானது. நம் பக்கத்து வரைவை எழுதும் பொறுப்பு கால்புள்ளியிடம் வந்தது. ஒப்பந்தத்துக்கு உயிர் முதல் ஷரத்துதான். அதற்கு அவர் கொடுத்த வாக்கியம் இது: 'இயந்திரம் எழுப்பும் ஐயம், மனிதர் ஒருவர் மனிதர் ஒருவரைக் கேட்டறியும் வரை, ஐயமாக மட்டுமே கருதப்படும்.'

பேச்சுவார்த்தைக் குழுவின் தலைவி, பல நாட்டுத் தூதரகங்களில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர், இதைப் படித்துவிட்டு அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தார். குழுவையே கூப்பிட்டு வைத்து சத்தமாக வாசித்தார்.

"இதெல்லாம் மெஷினுக்கு வருமா? அனுபவம் பேசுது பாருங்க" என்று சொல்லி, தான் கையெழுத்துப் போடுகிற சொந்தப் பேனாவையே கால்புள்ளியிடம் பரிசாகக் கொடுத்துவிட்டார். கால்புள்ளி கண்ணாடியைத் துடைத்தார். துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த வாக்கியத்தை அவர் எழுதவில்லை என்பதுதான் விஷயம். சட்டப் பிரிவில் வரைவு எழுத உதவும் இயந்திரம் ஒன்று உண்டு, அதற்குச் 'சின்னவர்' என்று செல்லப்பெயர். வெளி உலகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத பூட்டிய கணினியில் அது இருந்தது. ஒரு மத்தியானம், எத்தனை முறை அடித்துத் திருத்தியும் முதல் ஷரத்து உருப்படாமல் போக, சலித்துப்போய்ச் சின்னவரிடம் கேட்டார். அது கண் சிமிட்டும் நேரத்தில் கொடுத்துவிட்டது. சின்னவரைக் கேட்கக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை, கேட்டேன் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. தலைவி பேனாவை நீட்டியபோது வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

இனி குடும்ப வம்பு. கால்புள்ளியின் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுக்கு ஒரே தங்கை. அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால் தங்கைக்குத் தலை பின்னியதிலிருந்து கல்யாணம் பண்ணி வைத்தது வரைக்கும் எல்லாம் அக்காதான். அந்தத் தங்கை காதலித்துக் கட்டிக்கொண்டது அக்கரைக்காரரை. அவர் என்ன வேலை பார்க்கிறார் என்றால், அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் சட்டப் பிரிவில் ஒப்பந்தம் எழுதுகிறார். ஊரில் வேறு மாப்பிள்ளையே கிடைக்கவில்லையா என்று கால்புள்ளி அப்போதே புலம்பினார்.

இரண்டு அமைச்சகமும் இந்த உறவுக்கு அனுமதி கொடுத்தன, ஒரு நிபந்தனையோடு. சகலைகள் இருவரும் தனியாக இருக்கக்கூடாது, வேலையைப் பற்றிப் பேசக்கூடாது. இதை யார் மறந்தாலும் மாமனார் மறக்கமாட்டார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், விதி என்றால் விதி. மாப்பிள்ளைகள் வீட்டுக்கு வந்தால் சோபாவில் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், நடுவில் அவர். ஒருவர் மற்றவரிடம் எதையாவது கேட்க வேண்டுமானால் அவர் வழியாகத்தான் கேட்க வேண்டும். "மாமா, சகலைக்கு மின்விசிறி கொஞ்சம் கூட்டி வைக்கணுமான்னு கேளுங்க" என்பார் கால்புள்ளி. மாமனார் அந்தப் பக்கம் திரும்பி, "மாப்பிள்ளை, மின்விசிறி?" என்பார். அக்காவும் தங்கையும் சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பழகப் பழக இது அந்த வீட்டு வழக்கமாகவே ஆகிவிட்டது.

இப்போது தங்கைக்கு நிறைமாதம். வருகிற சனிக்கிழமை அக்கா பாலத்தைத் தாண்டிப் போய்ப் பிரசவத்துக்குப் பக்கத்தில் இருப்பதாக ஏற்பாடு. லீவு வாங்கியாயிற்று, பயண அனுமதி வந்தாயிற்று, பெட்டி கூடத்தில் திறந்தே கிடக்கிறது, தினமும் அதில் எதையாவது வைக்கிறாள், எடுக்கிறாள். சரி, பேச்சுவார்த்தைக்குப் போவோம்.

செவ்வாய்க்கிழமை காலை. நீள மேஜையின் இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் அவர்கள். அவர்களுடைய தலைவர் தலை முழுக்க வெள்ளை வெளேரென்று இருக்கிற பெரியவர், சிரித்த முகம். அவர் பக்கத்தில் சகலை. கால்புள்ளியும் சகலையும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஆளுக்கொரு தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழக்கப்படி இரண்டு தரப்பும் தங்கள் வரைவை உறையில் போட்டு ஒரே நேரத்தில் மாற்றிக்கொண்டார்கள். தலைவி அவர்களுடைய உறையைப் பிரித்தார். பெரியவர் நம்முடைய உறையைப் பிரித்தார். இரண்டு பேரும் முதல் ஷரத்தைப் படித்தார்கள். இரண்டு முகமும் ஒரே மாதிரி கறுத்தது.

"ஒரு டீ சாப்பிட்டுட்டு வந்துடலாமே" என்று இருவரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள்.

அடுத்த நிமிஷம் கால்புள்ளி ஒரு சின்ன அறையில் இருந்தார். எதிரே பாதுகாப்பு அதிகாரி. அவரைப் பூட்டு என்று சொல்வார்கள். கூட்டங்களில் வாயைத் திறக்கவே மாட்டார் என்பதற்காக வைத்த பெயர். மேஜையில் இரண்டு தாள்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. முதல் ஷரத்து எழுத்துக்கு எழுத்து ஒன்று. கால்புள்ளிகள்கூட அதே இடத்தில்.

"ரகசியக் கசிவுன்னு நம்ம சிஸ்டம் சொல்லிடுச்சு சார். ரெண்டு வரைவையும் ஒப்பிட்டுப் பார்த்து, உங்க பேரையும் உங்க சகலை பேரையும் சேர்த்துச் சிவப்புல காட்டுது" என்றார் பூட்டு.

"நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லலை."

"இந்த வாக்கியத்தை எழுதினது யாரு?"

"நான்தான்" என்றார் கால்புள்ளி. சொல்லும்போதே கை கண்ணாடிக்குப் போனது. அந்த நேரத்திலும் மனிதருக்குப் புத்தி போன இடத்தைப் பாருங்கள்.

"கூட யாராவது இருந்தாங்களா? யாராவது உதவி பண்ணாங்களா?"

"இல்ல. நான் ஒருத்தன்தான்."

"அப்ப நீங்க ஒருத்தர்தான் கொடுத்திருக்க முடியும்" என்று பூட்டு சாந்தமாகச் சொன்னார்.

பூட்டு தன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின் ஒரு பிரிவு திரையில் இருந்தது. கசிவு நேர்ந்ததாக இயந்திரம் அறிவித்த மாத்திரத்தில், விசாரணை முடியும் வரை, அந்த அலுவலருடைய கடவுச்சீட்டும் அவர் குடும்பத்தார் அனைவருடைய கடவுச்சீட்டும் முடக்கப்படும்.

"ரொம்பத் தெளிவான பிரிவு சார். சந்தேகத்துக்கே இடமில்லாம எழுதியிருக்காங்க" என்றார் பூட்டு. கிண்டல் இல்லை, மனதாரத்தான் சொன்னார்.

அந்தப் பிரிவை எழுதியது கால்புள்ளிதான். 'அறிவித்த மாத்திரத்தில்' என்பது அவருடைய சொந்தக் கைவண்ணம். 'அவரை விசாரித்த பிறகு' என்று யாரோ ஒரு இளநிலை அலுவலர் சேர்க்கச் சொன்னதை, வாக்கியம் தொளதொளவென்று ஆகிறது என்று இவரே வெட்டினார். அன்றைக்கும் யாரோ பாராட்டினார்கள், அன்றைக்கும் கண்ணாடி துடைத்தார்.

"விசாரணை எவ்வளவு நாள் ஆகும்?"

"சீக்கிரம் முடிஞ்சா ஒரு வருஷம். இன்னைக்கு ஆபீஸ் மூடுறதுக்குள்ள நான் பட்டனை அமுக்கியாகணும். சட்டம் அப்படித்தானே சொல்லுது."

சரியாக அப்போதுதான் போன் அடித்தது. பேச்சுவார்த்தைக் கூடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் கால்புள்ளியின் போன் பூட்டு கையில் இருந்தது. திரையில் 'வீடு' என்று வந்தது. பூட்டு கொஞ்சம் யோசித்தார், பிறகு ஒலிபெருக்கியில் போட்டு மேஜையில் வைத்தார்.

"என்னங்க, வேலையா இருக்கீங்களா? ஒண்ணே ஒண்ணுதான். துண்டு ரெண்டு வைக்கவா, நாலு வைக்கவா?"

கால்புள்ளி போனை நோக்கிக் குனிந்தார். "நாலு வையேன்" என்றார்.

"நாலு வெச்சா பெட்டி மூடாது. அவ காலையில பேசினா. 'அக்கா, நீ வந்து கையைப் பிடிச்சுக்கிட்டாப் போதும், எனக்குப் பயமே இல்ல'ன்னு சொல்றா. அப்படிச் சொல்லிட்டு அழறா. லூசு. சரி, ரெண்டே வைக்கிறேன்" என்று அவளே முடிவு பண்ணி வைத்துவிட்டாள்.

பூட்டு சுவரைப் பார்த்தார். கால்புள்ளி மேஜையில் கிடந்த வாக்கியத்தைப் பார்த்தார், சட்டைப் பையில் இருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்தார். ஒரு பேனாவுக்கும் ஒரு நல்ல பேருக்கும் ஆசைப்பட்டு, தாயில்லாப் பெண்ணின் கையைப் பிடிக்கப் போகிறவளை வழியிலேயே நிறுத்தப் பார்த்தோமே என்று அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக வந்தது.

"நான் எழுதலை" என்றார்.

"எதை?"

"இதை. சின்னவரைக் கேட்டேன், அது கொடுத்துச்சு. மேடம் பாராட்டினப்ப சொல்லியிருக்கணும், சொல்லலை. அந்தப் பக்கமும் இதே மாதிரி ஒரு மெஷின் இருக்கும். உலகத்துல இருக்கிற பழைய ஒப்பந்தம் எல்லாம் பொதுவுலதான் கிடக்குது, ரெண்டும் அதையேதான் படிச்சிருக்கும். எங்க சகலையும் அதே இடத்துல முட்டிக்கிட்டு நின்னு, அதே கேள்வியைக் கேட்டிருப்பார். அதே பதில் வந்திருக்கும்."

"நம்மகிட்ட அப்படி ஒரு மெஷின் இருக்குங்கிறதே ரகசியம் சார்."

"பேப்பர்ல முதல் பக்கத்துலயே போட்டானே."

"அது பேப்பர்காரங்க போட்டது. நாம ஒத்துக்கலை" என்றார் பூட்டு.

தலைவியிடம் போய்ச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. அவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டார்.

"அமைச்சருக்கே போன் பண்ணி உங்க பேரைச் சொன்னேன்யா நான்" என்றார்.

"தெரியும் மேடம்."

"மெஷினுக்கு இதெல்லாம் வருமான்னு அத்தனை பேர் முன்னாடி கேட்டேன். அப்ப வாயில என்ன வெச்சிருந்தீங்க?"

கால்புள்ளி பேனாவை எடுத்து மேஜையில் வைத்தார். தலைவி அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் வருவதற்குப் பதிலாக உதட்டோரம் துடித்தது, அதை டீயால் அடக்கிக்கொண்டார்.

"சரி, இதை நிரூபிக்கணும்னா அந்தப் பக்கத்து ஆளும் ஒத்துக்கணும். உள்ள வாங்க" என்றார்.

மறுபடியும் நீள மேஜை. அந்தப் பக்கத்திலும் டீ சாப்பிட்ட முகம் ஒன்றுகூட இல்லை. சகலைக்குப் பின்னால் ஒரு ஆள் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார், அவர்கள் ஊர்ப் பூட்டு போலிருக்கிறது. சகலையின் முகம் வெளிறிக் கிடந்தது. கால்புள்ளி எழுந்து, தான் செய்ததை ஒன்று விடாமல் சொன்னார். நம் ஆட்கள் பாதிப் பேர் கூரையைப் பார்த்தார்கள், பாதிப் பேர் அவரைப் பார்த்தார்கள்.

பெரியவர் தலையை ஆட்டினார். "உங்க கதை உங்களுக்கு. எங்க வாக்கியத்தை எங்க ஆள் சொந்தமாத்தான் எழுதினார். அவரே சொன்னார். அதுக்காக டிபார்ட்மெண்ட் முழுக்க நான் காபி வாங்கிக் கொடுத்திருக்கேன். அதனால உங்க மெஷினுக்கு இது எப்படிப் போச்சுங்கிறதுதான் எங்க கேள்வி."

சகலை வாயைத் திறக்கவில்லை. தண்ணீர்க் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். கால்புள்ளிக்குப் புரிந்துவிட்டது. அந்த மௌனத்தை அவர் நன்றாக அறிவார், இவ்வளவு நாளாக அதற்குள்தானே அவரும் குடியிருந்தார். ஆனால் சகலையிடம் நேராகப் பேசக்கூடாது. நிபந்தனை நிபந்தனைதான். நடுவில் மாமனார் வேறு இல்லை. சுற்றும் முற்றும் பார்த்தார், பக்கத்தில் பூட்டு நின்றுகொண்டிருந்தார்.

"சார், உங்க மூலமா எங்க சகலைகிட்ட ஒரு கேள்வி" என்றார்.

"என் மூலமாவா?"

"எங்க வீட்டு வழக்கம் அப்படி. சனிக்கிழமை அவங்க வீட்டுக்கு ஒருத்தங்க வர்றதா இருக்கு. அவங்க வரணுமா வேண்டாமான்னு மட்டும் கேளுங்க."

பூட்டு தலைவியைப் பார்த்தார். தலைவி தலையசைத்தார். பூட்டு தொண்டையைச் செருமிக்கொண்டு, வாழ்க்கையிலேயே முதல் முறையாக ஒரு சர்வதேசக் கூட்டத்தில் வாயைத் திறந்தார்.

"சனிக்கிழமை அவங்க வரணுமான்னு கேக்கறார்."

சகலை நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றார்.

"வரணும். கண்டிப்பா வரணும்" என்றார். பிறகு பெரியவர் பக்கம் திரும்பினார். "ஐயா, நானும் எழுதலை. எங்க மெஷினைத்தான் கேட்டேன். நீங்க காபி வாங்கிக் கொடுத்த பிறகு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

பெரியவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் காபியை இப்ப நான் எப்படிய்யா திருப்பி வாங்கறது" என்றார். முதலில் சிரித்தது தலைவிதான். அதற்குப் பிறகு மேஜையின் இரண்டு பக்கமும் சிரிப்பு பற்றிக்கொண்டது.

ஆனாலும் பேச்சுவார்த்தை என்பது பேச்சுவார்த்தைதானே. வாய்வார்த்தை போதாது, செய்து பார்த்துவிட வேண்டும் என்றார் பெரியவர். ரகசியமே இல்லாத ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். மேல்வீட்டாருக்கும் கீழ்வீட்டாருக்கும் பொதுவாகத் துணி காயப்போட ஒரே கொடி. மேல்வீட்டுத் துணி காணாமல் போய்விட்டது, கீழ்வீட்டார்தான் எடுத்தார்கள் என்று புகார். என்ன செய்வது என்று ஒரு ஷரத்து எழுது. தங்கள் தங்கள் அறைக்குப் போய், தங்கள் தங்கள் இயந்திரத்தைக் கேட்டு, இரண்டு தாள்களைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள்.

'மேல்வீட்டார் எழுப்பும் புகார், கீழ்வீட்டாரை நேரில் கேட்டறியும் வரை, புகாராக மட்டுமே கருதப்படும்.' இந்தத் தாளிலும் அதே, அந்தத் தாளிலும் அதே. நம்முடையது மட்டும் கூடுதலாக, கிளிப் போட்டுக் காயப்போடுமாறு ஒரு ஆலோசனை சொல்லியிருந்தது.

"உங்க மெஷின் கொஞ்சம் குடும்பப் பாங்கு" என்றார் பெரியவர்.

எல்லாம் சுபம் என்று நினைப்பீர்கள். பூட்டு அப்படி நினைக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலைவியின் காதருகே குனிந்தார்.

"சிஸ்டம்ல சிவப்பு இன்னும் போகலை மேடம். அறிவிச்ச மாத்திரத்தில்னு இருக்கு. நான் அமுக்காம விட்டா நானே சட்டத்தை மீறினவன் ஆயிடுவேன்."

கால்புள்ளிக்கு மறுபடியும் உயிர் போய் வந்தது. தான் வெட்டிய அந்த மூன்று வார்த்தை நினைவுக்கு வந்தது. தலைவி முதல் ஷரத்தை எடுத்து விரலால் தட்டினார்.

"யார் எழுதினாலும் நல்லாத்தானே எழுதியிருக்கு. ஒருத்தர் ஒருத்தரைக் கேட்டறியும் வரை. நீங்க இவரைக் கேட்டீங்களா?"

"யார் எழுதினதுன்னு கேட்டேன். மத்தபடி... கேக்கணும்னு சட்டத்துல இல்ல மேடம்."

"கேக்கக்கூடாதுன்னு இருக்கா?"

பூட்டு மேலே பார்த்தார். தனக்குத் தெரிந்த பிரிவுகளை எல்லாம் ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. "இல்ல" என்றார் கடைசியில்.

பிறகு கால்புள்ளியின் முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "போன மாசம் உங்க மாமனார் வீட்டுல சாப்பிட்டப்ப சகலைகிட்ட என்ன பேசினீங்க?"

"நாங்க எங்க பேசினோம். மாமாதான் பேசினார்."

பூட்டு நம்பரை வாங்கி, கூடத்தில் இருந்த தொலைபேசியிலேயே மாமனாருக்குப் போன் போட்டார். மறுபடியும் ஒலிபெருக்கி. இரண்டு நாட்டுத் தூதுக்குழுவும் குனிந்து கேட்டது.

"ஐயா, உங்க மாப்பிள்ளைங்க ரெண்டு பேரும் போன மாசம் சாப்பிட வந்தப்ப ஏதாவது பேசிக்கிட்டாங்களா?"

"யாருப்பா நீ? அவங்க எங்கப்பா பேசறாங்க? என் முழங்கால் ஆபரேஷனை ஆரம்பத்துலேர்ந்து சொன்னேன். இந்தப் பக்கம் ஒருத்தர் 'ம்' கொட்டினார், அந்தப் பக்கம் ஒருத்தர் 'ம்' கொட்டினார். எந்தக் கால்னு கேட்டா ரெண்டு பேருக்கும் தெரியலை. அரசாங்கத்துல இவங்களை வெச்சு என்னதான் வேலை வாங்கறீங்க?"

"தனியா இருந்தாங்களா?"

"நான் இருக்கறப்பவா? எழுந்து போகணும்னாக்கூட ஒருத்தரைக் கூடவே கூட்டிக்கிட்டுத்தான் போவேன். முப்பத்தஞ்சு வருஷம் கார்டு வேலை பார்த்தவன்பா நான். ஒரே தடத்துல ரெண்டு வண்டியை விட்டதே இல்ல."

பூட்டு நன்றி சொல்லி வைத்தார். மடிக்கணினியைத் திறந்தார், 'கேட்டேன். சொன்னார்கள். கசிவு இல்லை' என்று அடித்தார். சிவப்பு அணைந்தது. அந்தப் பக்கத்துப் பூட்டும் சகலைக்குப் பின்னாலிருந்து இரண்டடி தள்ளிப் போய் நின்றார். கால்புள்ளி கண்ணாடியைக் கழற்றினார், இந்தத் தடவை துடைப்பதற்கு உண்மையிலேயே அவசியம் இருந்தது.

தலைவி பேனாவை அவர் பக்கம் உருட்டிவிட்டார். "இப்ப எழுதுங்க. ரெண்டு பேருமா, சொந்தமா."

சகலைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று. நிபந்தனைப்படி நடுவில் ஒரு ஆள் வேண்டும். பூட்டு மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு நடுவில் வந்து உட்கார்ந்தார். கால்புள்ளி அவரிடம் ஒரு வார்த்தை சொல்வார், அவர் அந்தப் பக்கம் திரும்பிச் சொல்வார். சகலை ஒன்றை அடிப்பார், பூட்டு இந்தப் பக்கம் திரும்பி, "அடிச்சிட்டாங்க சார்" என்பார். வாக்கியத்தில் வருகிற ஒவ்வொரு கால்புள்ளிக்காகவும் இரண்டு பேரும் சண்டை போட்டார்கள், பூட்டு வழியாக. எழுதியது அடித்ததைவிடக் குறைவாக இருந்தது. மத்தியானம் சாய்ந்து சாயங்காலமானது. கடைசியில் ஒரு வாக்கியம் உருவானது. அழகென்று சொல்ல முடியாது. 'இயந்திரம் என்ன சொன்னாலும், சுடும் முன், இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கத்து ஆளைக் கூப்பிட்டு, என்னங்க விஷயம் என்று கேட்க வேண்டும்.'

"ஒப்பந்தத்துல 'என்னங்க விஷயம்'னு எல்லாம் வரலாமா?" என்று கேட்டார் தலைவி.

"வரட்டும் மேடம். இதை எந்த மெஷினும் எழுதாது" என்றார் கால்புள்ளி.

நடுவில் இருந்த பூட்டு தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. அவராகத்தான் பேசினார்.

"'சுடும் முன்' பக்கத்துல 'பூட்டும் முன்'னும் போட்டுடுங்க சார். பாலமோ பாஸ்போர்ட்டோ, எதுவா இருந்தாலும்."

கால்புள்ளி அவரைப் பார்த்தார். பிறகு தலைவியின் பேனாவால் 'சுடும் முன்' என்பதற்கு அடுத்து 'பூட்டும் முன்' என்று எழுதி, அதற்கு ஒரு கால்புள்ளியும் வைத்தார். அந்தக் கால்புள்ளியை எடுக்கும்படி யாரும் சொல்லவில்லை.

அவர் வீட்டுக்குப் போனபோது கூடத்தில் பெட்டி மூடாமல் கிடந்தது. மேலே மனைவியின் கடவுச்சீட்டு. அதை எடுத்துத் திறந்து அவள் படத்தைப் பார்த்தார். கணக்கு டீச்சர் முகம், சிரிக்காத முகம். அவள் சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்தாள்.

"என்ன, இன்னைக்கு ஏதாவது நடந்துச்சா?"

"அதெல்லாம் வெளியே சொல்லக்கூடாது."

"சொல்லாதீங்க. அப்பா போன் பண்ணார். யாரோ ஒரு ஆள் கூப்பிட்டு உங்களைப் பத்தி விசாரிச்சாராம். நல்ல மனுஷன், மரியாதையாக் கேட்டான்னு சொன்னார்."

"ஆமா. கேட்டார்" என்றார் கால்புள்ளி.

அலமாரியைத் திறந்து இன்னும் இரண்டு துண்டை எடுத்துவந்து பெட்டியில் வைத்தார். மூடவில்லை. அவர் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். அவள் சிரித்துக்கொண்டே குனிந்து கொக்கியை மாட்டினாள்.